பால் கட்ட வந்தவர்

செத்துப்போனவளின் சேலையைப் பாப்பம்மா மூங்கில் குச்சியால் அமுக்கி அமுக்கி வேகவைத்துக்கொண்டிருந்தாள். மொடாவில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. சேலை காற்றைப் பிடித்துக்கொண்டு உப்பி மேலே வந்து, ஆள் புரண்டு படுப்பதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவள் அதன் நடுவில் குச்சியை ஊன்றி மறுபடி உள்ளே தள்ளினாள். எரித்துவிடலாம்தான். ஆனால் ஆளுக்கு இரண்டு சேலை உள்ள இடத்தில் ஒன்றை எரிப்பது பெரிய காரியம். நன்றாக வெந்த துணியில் ஒரு நோயும் தங்காது என்பதை அவள் கண்ணால் கண்டு வைத்திருந்தாள்.

கண்டி மலைநாட்டில், புசல்லாவைக்கு மேலே ஒரு கோப்பித் தோட்டம். கடுகண்ணாவையில் ரயில் பாதைக்காக மலையை வெடி வைத்துக் குடைந்துகொண்டிருந்த வருடங்கள். பழம் பழுத்து உதிரும் மாதமாகையால் கூலிக் குடியிருப்பான லயத்தில் இருந்த ஆண் பெண் எல்லாரும் மலையில் இருந்தார்கள். பாப்பம்மா மட்டும் ஓடைக்கு இந்தப் பக்கம் தனியாக இருந்தாள். இருபத்தெட்டு நாளாக அவள் அப்படித்தான் இருந்தாள்.

முசிறிப் பக்கத்துக்காரி. ஒன்பது வயதில் வைசூரி வந்து பிழைத்தவள். முகம் முழுக்கக் குழி; இடது கண்ணில் வெள்ளை விழுந்திருந்தது. கட்டிக்கொடுத்த இடத்தில் இரண்டு பிள்ளை பெற்றாள், இரண்டையும் அதே வைசூரி ஒரே வாரத்தில் கொண்டுபோனது. புருஷன் மன்னாரிலிருந்து நடந்து வருகிற காட்டுப் பாதையில் பேதி கண்டு போனான். தங்கை பாலம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் மலை ஏறியபோது பொன்னையா கங்காணி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா முத்திரை குத்தின மூஞ்சி. உனக்கு மறுபடி வராது. வேற வேலை இருக்கு," என்றார். தோட்டத்தில் யாருக்காவது வைசூரி கண்டால் அவரைக் காட்டோரக் கொட்டிலில் போட்டுப் பார்த்துக்கொள்வதுதான் அந்த வேலை. அதற்கு வேறு ஆள் இல்லை.

இந்தத் தடவை கொட்டிலுக்கு ஏழு பேர் வந்தார்கள். நாலு பேர் நடந்து போனார்கள். மூன்று பேரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசியாகப் போனவள் அழகர் என்பவனுடைய பெண்சாதி. போய் நாலு நாள். அவள் படுத்திருந்த பாயையும் கம்பளியையும் எரிக்கப் பாப்பம்மா நெருப்பு எடுத்தபோது கங்காணி தடுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை அம்மனுக்குக் கஞ்சி ஊற்றும்வரை அம்மா இருந்த இடத்தில் நெருப்பு வைக்கக் கூடாதாம். கதவுத் தட்டியைச் சாத்தி, கொடியால் இறுகக் கட்டிவிட்டு வந்திருந்தாள்.

அந்த இருபத்தெட்டு நாளும் அவள் யாரையும் தொடவில்லை. சோறு பாறையின் மேல் வரும். வைத்தவர் போன பிறகு எடுத்துக்கொள்வாள். பாலம்மாவுக்கு மூன்று மாதத்துப் பிள்ளை இருந்தது, பழனியாண்டி. பேறு பார்த்தவளே பாப்பம்மாதான். பாலம்மா சாயங்காலம் ஓடைக்கு அந்தக் கரையில் நின்று பிள்ளையை உயர்த்திக் காட்டுவாள். "அக்கா, சிரிக்கிறான் பாரு." இந்தக் கரையிலிருந்து ஒரு கண்ணுக்குச் சிரிப்பெல்லாம் தெரியாது. "கிட்ட வராத, போ," என்று மட்டும் சொல்வாள்.

நேற்றுச் சாயங்காலம் பாலம்மா வரவில்லை.

"நீர்தானே பாப்பம்மா?"

குச்சியைப் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். கறுப்புக் கோட்டு, குடை, தோளில் ஒரு தகரப் பெட்டி. அவருக்குப் பின்னால் தலையில் முக்காடிட்ட ஒரு சிறு வயதுப் பெண், கைக்குழந்தையோடு நின்றாள். பனிமூட்டம் இருவருடைய முழங்காலுக்குக் கீழே ஒன்றையும் காட்டவில்லை.

"நான் ராஜலிங்கம். அம்மைக்குக் காவல் பண்ண அரசாங்கம் அனுப்பின ஆள். கங்காணி உம்மட்டைக் கேக்கச் சொன்னார். இந்தத் தோட்டத்திலை கைக்குழந்தையள் எத்தினை?"

"அஞ்சுங்க."

"நான் பாத்தது அஞ்சு கல்லு."

"என்னாங்கய்யா சொல்றீங்க?"

"வந்து பாரும். சொன்னால் நம்பமாட்டீர்."

பாப்பம்மா நகரவில்லை. "நான் கொட்டில்ல கெடந்தவ. லயத்துப் பக்கம் வரக்கூடாதுங்க."

ராஜலிங்கம் குடையை மடக்கினார். யாழ்ப்பாணத்து மனிதர்; பொறுமை குறைவு, வேலையில் பிழை இல்லை. குழந்தையின் சட்டையை விலக்கி மேற்கையைக் காட்டினார். அங்கே அவரைக்கொட்டை அளவில் ஒரு கொப்புளம், நடுவில் சின்னக் குழியோடு, பனித்துளி போலத் தெளிந்து நின்றது. சுற்றிலும் தோல் சிவந்திருந்தது.

"இந்தப் பிள்ளை கைரியா. இது தாய், ஹபீலா. கெலிஓயாவிலை கடை வைச்சிருக்கிற லாபிரின்ரை பெண்சாதி. எட்டு நாளைக்கு முன்னம் இந்தக் கையிலை கீறினனான். இதிலையிருந்து எடுத்துத்தான் அடுத்த பிள்ளையளுக்கு வைக்கவேணும். இண்டைக்குத்தான் எட்டாம் நாள். நாளைக்கு இது சீழாப் போயிடும், உதவாது. பேந்து கண்டியிலையிருந்து திரும்பத் துவங்கவேணும், ஒரு மாசம் செல்லும்."

ஒரு மாதம். பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்று முந்தாநாள்தான் சோறு வைத்தவன் கத்திச் சொல்லிவிட்டுப் போனான்.

"நீ எதுக்கும்மா இவ்வளவு தூரம் புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்த?" என்று ஹபீலாவைக் கேட்டாள்.

"மூத்தது வைசூரியில மௌத்தாகிட்டு அக்கா," என்றாள் ஹபீலா. "அவர் வண்டியோட கங்காணி ஊட்டுல ஈக்கிறார். வெரசா முடிச்சிட்டு வரச் சொன்னார்."

பாப்பம்மா சாம்பலும் எலுமிச்சம்பழமும் போட்டு முழங்கை வரை தேய்த்தாள். தலையோடு ஊற்றிக்கொண்டாள். முன்னமே வேகவைத்து உலர்த்தியிருந்த சேலையைக் கட்டிக்கொண்டு, "நான் வாசப்படிக்கு வெளியிலதான் நிப்பேன்," என்று சொல்லிவிட்டு ஓடையைத் தாண்டினாள்.

இருபது ஒற்றை அறைக் காம்பராக்கள் ஒட்டி ஒட்டிக் கட்டிய லயம். ஒரு கதவும் சாத்தவில்லை. ஒரு அடுப்பிலும் புகை இல்லை. நாய்கூட ஆட்களோடு மலைக்குப் போயிருந்தது. மூட்டம் வாசல் வழியாக உள்ளே நுழைந்து திரிந்துகொண்டிருந்தது. முதல் காம்பராவில் கூரைக் கட்டையிலிருந்து ஒரு தூளி தொங்கியது, அது ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. காற்று இல்லை.

மூன்றாவது காம்பராவில் இன்னொரு தூளி. அதுவும் ஆடியது, அதே வேகத்தில். முதலாவது இடப்பக்கம் போகும்போது இதுவும் இடப்பக்கம் போனது. ஆறாவதிலும் அப்படியே.

"நான் காலமை வரேக்கையும் ஆடினது," என்றார் ராஜலிங்கம். அவர் குரல் இறங்கிப்போயிருந்தது.

வெளியில் நிற்பதாகச் சொன்ன பாப்பம்மா உள்ளே போய்த் தூளியை ஒரு கையால் பிடித்து நிறுத்தினாள். கனத்தது. துணியை விரித்துப் பார்த்தாள். அம்மிக் குழவி. மஞ்சள் பூசி, தலைப்பக்கம் துணிக் குல்லா கட்டி, கண்ணேறு படாமல் இருக்கக் கன்னத்தில் மைப்பொட்டு வைத்திருந்தார்கள். கல்லுக்குக் கன்னம் எது என்று யாரோ யோசித்து, சரியான இடத்தில்தான் வைத்திருந்தார்கள். அவள் கையை எடுத்ததும் தூளி ஒரு தரம் இழுபட்டு மறுபடி ஆடத் தொடங்கியது.

"யா அல்லாஹ்," என்று ஹபீலா பின்வாங்கினாள்.

பாப்பம்மா மேலே பார்த்தாள். லயத்தின் இடைச்சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. தூளிக் கயிற்றில் முடிந்த இன்னொரு மெல்லிய கயிறு சுவருக்கு மேலாக அடுத்த காம்பராவுக்கும், அதற்கடுத்ததற்கும் ஓடியது. அவள் கயிற்றைப் பார்த்துக்கொண்டே வாசலோடு நடந்தாள். அது இருபதாவது காம்பராவில் இறங்கியது. அங்கே மூலையில் பாலம்மா உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கயிற்றை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"அடியே!"

பாலம்மா கண்ணைத் திறந்தாள். அக்காளுக்குப் பின்னால் கறுப்புக் கோட்டைக் கண்டதும் சுவரோடு சுவராக ஒண்டினாள். இரண்டு கையாலும் மார்பைப் பொத்திக்கொண்டாள்.

"அந்தாள வெளிய போகச் சொல்லு அக்கா. கட்டிப்புட்டான். தொடவே இல்ல, வாயாலேயே கட்டிப்புட்டான். கல்லாட்டம் கெடக்கு எனக்கு."

"என்னத்தக் கட்டினாரு?"

"பால! நேத்துப் பேரு கூப்புடுற பெரட்டுக் களத்துல நின்னு எல்லாருக்கும் கேக்கச் சொன்னானே. 'அம்மாப் பால் கட்ட வந்திருக்கேன், புள்ளைங்களக் கொண்டாங்க, ஒருத்தரும் ஒளிக்கக் கூடாது'ன்னு. தாய்ப்பாலக் கட்டிப்புட்டா புள்ளைங்க எத்தன நாளைக்கிருக்கும்? அஞ்சு புள்ளையும் போயிரும்."

பாப்பம்மா திரும்பி ராஜலிங்கத்தைப் பார்த்தாள். "அப்படியாங்கய்யா சொன்னீங்க?"

"வேறை எப்பிடிச் சொல்லுறது? அம்மைப்பால் கட்டவேணும் எண்டு சொன்னனான். எங்கடை ஊரிலை எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுறது. அம்மையின்ரை பால். கையிலை வைக்கிறது. அதுதான் கட்டுறது."

பாப்பம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எங்க பக்கம் பால் கட்டுறதுன்னா மார்ல பால் இறுகிப்போறதுங்க. இன்னொண்ணும் இருக்கு. மந்திரக்காரன் வாயக் கட்டுவான், வயித்தக் கட்டுவான். நீங்க பாலக் கட்ட வந்திருக்கேன்னு சொல்லியிருக்கீங்க."

ராஜலிங்கம் வாசல்வரை பின்னால் தள்ளிப் போய் நின்றார்.

"புள்ள எங்கடி?" என்றாள் பாப்பம்மா.

பாலம்மா கோட்டுக்காரரைப் பார்த்தபடி, "அம்மாகிட்ட விட்டிருக்கோம்," என்றாள்.

"நம்ம அம்மா செத்து எட்டு வருஷமாச்சு."

"அந்த அம்மா இல்ல."

அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியவில்லை. ஐந்து பெண்களும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்கள். சூனியம் பலிக்காத இடத்தில் பிள்ளைகளை வைத்திருக்கிறோம், அந்த ஆள் மலை இறங்கினால்தான் எடுப்போம், அதுவரை அவன் கட்டு தூளியில் ஆடுகிற கல்லின் மேல் விழட்டும் என்று.

அம்மன் என்றால் தோட்டத்தில் ஊற்றடி அம்மன்தான். மரத்தடியில் நட்ட ஒரு கல், தகரக் கூரை. மூன்று பேரும் அங்கே போனார்கள். வழியெல்லாம் கோப்பிச் செடி இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. முன்னால் போகிறவர் நாலடி தள்ளினால் காணாமல் போனார். மேலே எங்கோ பழம் பறிக்கிறவர்களின் பேச்சு கேட்டது. ஆனால் இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியவில்லை. ஊற்றடியில் வாடிய பூவும் அணைந்த விளக்கும் இருந்தன. பிள்ளைகள் இல்லை.

ராஜலிங்கம் மூட்டத்துக்குள் சூரியன் நிற்கிற உயரத்தைத் தேடிப் பார்த்தார். "மத்தியானம் ஆச்சுது. நான் என்ன செய்ய? காட்டைத் தேடச் சொல்லுறீரோ?"

அவர்கள் ஓடையோரமாகத் திரும்பி வரும்போதுதான் ஹபீலா நின்றாள். கைரியா அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. ஹபீலா குனிந்து தன் சட்டையைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் நனைந்து ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

"அக்கா, எனக்குப் பால் சொரக்குது."

"புள்ளைக்குக் குடு."

"இது இப்பதான் குடிச்சிச்சு. தூங்குது. இது கேக்கல்ல." அவள் முகம் வெளுத்தது. "எங்கயோ புள்ள ஒண்டு அழுவுது. எனக்குக் காதுல கேக்கல்ல. ஆனா அழுவுது."

பாப்பம்மா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். ஓடையின் சத்தம். இலைச் சொட்டு. வேறொன்றும் இல்லை. ஹபீலா கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, மெல்ல வலப்பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கத்தில் ஆட்கள் இருக்கக்கூடிய இடம் ஒன்றும் இல்லை. காட்டோரக் கொட்டில் மட்டும் இருந்தது.

பத்தடி நடந்தார்கள். அப்போது பாப்பம்மாவுக்கும் கேட்டது. பூனைக்குட்டி சத்தம் போல ஒன்று, அடங்கியது, பிறகு இரண்டு. அவள் தன் கையால் மூன்று பேரின் கண்ணை மூடிவிட்ட இடத்திலிருந்து அது வந்தது.

அவள் கட்டிய கொடியை அறுத்திருந்தார்கள். நிலையில் அவள் சொருகிய வேப்பிலை காய்ந்து சருகாகியிருக்க வேண்டும். தொங்கியதோ அன்று ஒடித்த பச்சைக் கொத்து.

"நீங்க ரெண்டு பேரும் இங்கயே நில்லுங்க," என்று சொல்லித் தட்டியைத் தள்ளினாள்.

உள்ளே இருட்டில் வரிசையாகப் பொட்டலங்கள். எண்ணினாள். ஆறு. மறுபடி எண்ணினாள். ஆறுதான். கண் பழகிய பிறகு தெரிந்தது, தலைமாட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது இன்னொரு குழவிக்கல். அதற்குக் குங்குமம் இட்டு, அழகர் பெண்சாதி கழுத்தில் கிடந்த கறுப்புப் பாசிமணியைப் போட்டிருந்தார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அம்மாவை உட்கார்த்தி வைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். அம்மா இருந்து இறங்கிப்போன இடம், அரசாங்கத்து ஆள் எட்டிப் பார்க்க மாட்டான், கட்டும் பலிக்காது. அவர்கள் கணக்கில் இதைவிடப் பத்திரமான இடம் மலையில் இல்லை.

ஐந்து பிள்ளைகளும் அந்தக் கம்பளியில் கிடந்தன. குளிர் படாமல் இருக்க அதன் ஓரத்தை மடித்துப் போர்த்தியும் இருந்தார்கள். கடைசியில் கிடந்த பழனியாண்டி கம்பளியின் நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான்.

பாப்பம்மா கத்தவில்லை. நுனியை அவன் வாயிலிருந்து உருவினாள். ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்தாள். போட்டிருந்த துணியை எல்லாம் உரிந்து கொட்டிலுக்குள்ளேயே எறிந்தாள். ஓடையோர மொடாவில் வெந்நீர் இன்னும் ஆறாமல் இருந்தது. விளாவி, ஐந்தையும் தலையிலிருந்து கால்வரை கழுவினாள். துடைத்துச் சுற்றத் துணி வேண்டும். வெந்து கிடந்த சேலையைக் குச்சியால் எடுத்து முறுக்கிப் பிழிந்து, அடுப்புச் சூட்டில் காட்டி, ஐந்தாகக் கிழித்தாள்.

"ஒனக்குச் சின்னதுல கீறியிருக்கா?" என்று ஹபீலாவிடம் கேட்டாள்.

"ஓம் அக்கா. வாப்பா கண்டிக்குக் கூட்டிட்டுப் போனார்."

"அப்ப உக்காரு. இந்தா, இவந்தான் ரொம்பக் கத்துறான்."

ஹபீலா கைரியாவை மடியில் கிடத்திவிட்டுப் பழனியாண்டியை வாங்கினாள். அவன் மூச்சுத் திணறத் திணறக் குடித்தான்.

ராஜலிங்கம் பாறையில் பெட்டியை வைத்துத் திறந்தார். "எத்தினை மணி நேரம் உள்ளுக்குக் கிடந்ததுகள்?"

"விடியறதுக்கு முந்தி வச்சிருப்பாளுக."

"அப்ப பிடிச்சிருக்கும் எண்டே வைப்பம். வைசூரி உள்ளுக்குப் போய் வெளிக்கிடப் பன்ரண்டு நாள் செல்லும். இது எட்டு நாளிலை வேலை செய்யும். இண்டைக்கு வைச்சால் இது முந்தும். நாளைக்கெண்டால் நான் பொறுப்பில்லை." கத்தியை எடுத்தார். "தாய்மார் வரமுதல் வைச்சுவிடுவம். பாலைப் பற்றின கதையே வேண்டாம்."

பாப்பம்மாவுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. கை நீளவும் செய்தது. பிறகு நிறுத்திக்கொண்டாள்.

"வேணாங்கய்யா. கொப்புளம் எட்டு நாள் ஒடையாம இருக்கணும், இல்லையா? தெரியாம வச்சிட்டுப் போனா, நீங்க ஆத்தத் தாண்டுறதுக்குள்ள சாம்பலும் சுண்ணாம்பும் போட்டுத் தேச்சு எடுத்துப்புடுவாளுக. எனக்குத் தெரியும். அவளுகளே நீட்டணும்."

அவர்களைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கழுவியதில் மற்ற நாலு பிள்ளைகளும் தொண்டை கிழியக் கத்தின. மூட்டத்துக்குள் செடிகள் சலசலத்தன. முதலில் பாலம்மா, அவளுக்குப் பின்னால் இன்னொரு பிள்ளையின் தாய் சடைச்சி, பிறகு மற்ற மூன்று தாய்மாரும் இடுப்பில் பழக்கூடையோடு ஓடிவந்தார்கள். ஆளாளுக்கு ஒரு கை மார்பில் இருந்தது. பின்னால் பொன்னையா கங்காணி, "பெரட்டுல பேரு வெட்டிருவேன்! பேரு வெட்டிருவேன்!" என்று கத்திக்கொண்டே வந்தார்.

"தொடாமலே கட்டிப்புட்டாண்டி பாவி!" என்றாள் சடைச்சி. "கைய வைக்க முடியல எனக்கு. காய்ச்சலே வந்திருச்சு."

"விடிஞ்சதுலருந்து புள்ள வாயில குடுக்கலைன்னா கட்டாம, கும்மியா அடிக்கும்?" என்றாள் பாப்பம்மா. "மூணு புள்ள பெத்தவ நீ. ஒனக்குச் சொல்லித் தரணுமா? தூக்கு. குடு. குடுத்துட்டு அப்புறம் வையி."

சடைச்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் பார்த்தாள். பிள்ளை விடவில்லை. அவள் அந்த இடத்திலேயே குந்தினாள். மற்றவர்களும் குந்தினார்கள். முதலில் வலியில் பல்லைக் கடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் தோள்கள் இறங்கின. பால் இறங்கும்போது பேச வராது.

"கட்டின பால் இப்படியா வரும்?" என்றாள் பாப்பம்மா. "அந்தா, அந்தப் பொண்ணப் பாருங்க. அவ புள்ளைக்கு இந்த ஐயா கையில கீறி எட்டு நாளாச்சு. அவ பால் கட்டியிருக்கா? ஒங்க புள்ள அழுறது அவ காதுக்குக் கேக்குறதுக்கு முந்தி மாருக்குக் கேட்டுச்சு. இல்லைன்னா இந்த அஞ்சையும் நான் கண்டுபுடிச்சிருக்க மாட்டேன்."

பாலம்மா அப்போதுதான் தன் பிள்ளை யார் மடியில் இருக்கிறான் என்று கண்டாள். ஹபீலா நிமிராமல், "நல்லாக் குடிக்கிறான். எங்கட கடையையே குடிச்சிருவான் போல," என்றாள். சடைச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள்.

"ஐயா, நீங்க செய்யப்போறதச் சொல்லுங்க," என்றாள் பாப்பம்மா. "கட்டுறதுன்னு சொல்லாதீங்க. கீறி வைக்கிறதுன்னு சொல்லுங்க."

"அது சரியான சொல் இல்லை."

"புள்ளைங்க பொழைக்கட்டும். சொல்ல அப்புறம் திருத்திக்கலாம்."

ராஜலிங்கம் சொன்னார். கைரியாவின் கையைக் காட்டினார். பெண்கள் அந்த ஒற்றைக் கொப்புளத்தைப் பார்த்தார்கள். அதை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். முத்து. அம்மா போடுகிற முத்து. அதை மனுஷன் குத்துவதா?

"அம்மா கோச்சுக்குவா," என்றாள் சடைச்சி. "நாங்க அம்மாகிட்டதான ஒப்படைச்சோம்."

"அம்மா கோச்சுக்குறாளோ இல்லையோ, எனக்குத் தெரியாது," என்றாள் பாப்பம்மா. "நீங்க புள்ளைங்களப் போட்டது எந்தக் கம்பளின்னு தெரியும். அழகர் பொண்டாட்டி அதுலதான் பதினோரு நாள் கெடந்தா. அவளப் பெரட்டிப் போடுறப்ப தோலு அந்தக் கம்பளியோட வந்துச்சு. இன்னும் அதுலதான் ஒட்டிக்கிட்டிருக்கு. பழனியாண்டி அதச் சப்பிக்கிட்டுக் கெடந்தான்."

மூட்டம் ஒரு நிமிஷம் விலகிக் கொட்டிலின் வாசல் தெரிந்தது. உள்ளே அந்தக் கல் மஞ்சளாக உட்கார்ந்திருந்தது. யாரும் அதைப் பார்க்க விரும்பவில்லை.

"ஓம்புள்ளையா இருந்தா நீட்டுவியா அக்கா?" என்றாள் பாலம்மா.

"எனக்கு ரெண்டு இருந்துச்சு. அப்ப இப்படி ஒருத்தர் வரல."

பாலம்மா எழுந்து ஹபீலாவிடமிருந்து மகனை வாங்கினாள். பாறையில் உட்கார்ந்து, அவன் கையை வெளியே எடுத்து நீட்டினாள். தன் முகத்தை மட்டும் மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

ராஜலிங்கம் கைரியாவின் முத்தை ஓரத்தில் லேசாகத் திறந்தார். குழந்தை சிணுங்கியது. தெளிந்த துளி ஒன்று ஊறி நின்றது; கத்தி நுனியில் அதை எடுத்துப் பழனியாண்டியின் கையில் இரண்டு இடத்தில் கீறினார். இரத்தம் வராத கீறல். பிறகு சடைச்சியின் பிள்ளை. பிறகு மற்ற மூன்று. ஐந்தாவது பிள்ளைக்கு வரும்போது ஊறல் குறைந்துவிட்டது. அவர் பொறுத்திருந்து பொறுத்திருந்து கத்தி நுனியில் இரண்டு தரம் எடுத்தார். எல்லாம் முடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. லாபிர் வண்டி பூட்டிக்கொண்டு ஆள் மேல் ஆள் அனுப்பினார். ஹபீலா போகும்போது ஐந்து பெண்களும் எழுந்து நின்றார்கள். வைசூரிக் கொட்டில் வாசலில் போய்வருகிறேன் என்றும் சொல்லக் கூடாது, வா என்றும் சொல்லக் கூடாது. அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மூட்டத்துக்குள் இறங்கிப் போனாள்.

அந்த ஐந்து பிள்ளைகளும் பிழைத்தன. பதின்மூன்றாம் நாள் சடைச்சியின் பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்து உடம்பில் ஏழே ஏழு முத்துப் போட்டு, சீழ் பிடிக்காமலே உலர்ந்தது. மற்ற நாலுக்கும் கையில் மட்டும் தழும்பு. பிறகு பல வருடங்கள் ராஜலிங்கம் எந்தத் தோட்டத்துக்குப் போவதானாலும் முந்தின நாளே பாப்பம்மாவை அனுப்பிப் பேச வைத்தார். கோப்பி அழிந்து செடிகளைப் பிடுங்கிய காலம்வரை அவள் அந்த மலைகளில் நடந்தாள். ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தவை. அன்றைக்கு, எது முந்தும் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

மறுநாள் காலை பெரட்டுக்குக் கொம்பு ஊதியபோது ஐந்து பெண்களின் பெயருக்கும் பதில் வரவில்லை. பாப்பம்மா களத்தின் ஓரத்தில் தள்ளி நின்று, "பதினாலு நாளைக்கு வரமாட்டாங்க. அரிசியப் பாறையில வைக்கச் சொல்லுங்க," என்று கங்காணிக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினாள். ஓடையோரத்தில் இருந்த அவளுடைய குடிசையில் பாலம்மாவும் மற்றவர்களும் பிள்ளைகளோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் சொறிந்தால் எல்லாம் வீணாகும். அவள் குளித்துவிட்டு வந்து ஒவ்வொரு பிள்ளையின் விரலையும் வாயில் வைத்து நகத்தைப் பல்லால் கத்தரித்தாள், ஐம்பது விரல். வேகவைத்த துணியில் சின்னச் சின்னப் பைகள் செய்து பத்துக் கைகளுக்கும் மாட்டினாள். பழனியாண்டியைக் கடைசியாக எடுத்தாள். அவன் கையை உதறினான். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மாட்டிவிட்டு, அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனாள்.